நடுக்கடல்ல எஃப்.எம். கேக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன தடவை, ராத்திரி ஆனா மீடியம் வேவ், அதாவது ஏ.எம். ரேடியோ அலை, ஏன் அவ்வளவு தூரம் போகுதுன்னு பேசினோம். அதைப் பாத்துட்டு நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கீங்க. அதுல ஒண்ணு, வந்த நாள்லேருந்து என்னை விடவே இல்லை. மத்ததையெல்லாம் அடுத்த முறைக்கு வச்சுக்கிட்டு, இன்னைக்கு முழுக்க இது ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன்.

நாகப்பட்டினம் பக்கத்துலேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். "சார், பாம்பன்ல மீனவங்களுக்குன்னே கடல் ஓசைன்னு ஒரு எஃப்.எம். இருக்காம். எங்க அண்ணன் விசைப்படகுல தொழிலுக்குப் போறாரு. கொஞ்ச தூரம் போனாலே போன்ல சிக்னல் நின்னுடுது. அப்படியிருக்க, ஒரு சின்ன எஃப்.எம். நடுக்கடல்ல எப்படிக் கேக்கும்? கேக்கலைன்னா அதனால மீனவனுக்கு என்ன பிரயோசனம்?"

நல்லாக் கவனிங்க, இதுல ரெண்டு கேள்வி இருக்கு. எவ்வளவு தூரம் கேக்கும்ங்கறது ஒண்ணு. அதுக்குக் கணக்கு இருக்கு, போட்டுக் காட்டிடலாம். என்ன பிரயோசனம்ங்கறது இன்னொண்ணு. அதுதான் என்னை உக்காரவிடாம பண்ணின கேள்வி.

முதல்ல தூரம். எஃப்.எம். அலை நேர்கோட்டுல போகும். பூமி உருண்டைங்கறதால ஒரு இடத்துக்கு மேல அலை நமக்கு மேலாப்பல போயிடும், நாம கீழ மறைஞ்சிடுவோம். கரையிலேருந்து கிளம்பிப் போகும்போது முதல்ல மணல் மறையும், அப்புறம் வீடு மறையும், தென்னந்தலை மறையும், கடைசியா கலங்கரை விளக்கம் மறையும். கடலுக்குப் போறவங்களுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. எஃப்.எம். கோபுரமும் அப்படித்தான். உச்சி மறையற இடத்துக்குக் கொஞ்சம் அப்பால வரைக்கும் கேக்கும், அதோட சரி.

கணக்கு இதுதான். கோபுரத்தோட உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 4.12ஆல பெருக்குங்க. கிலோமீட்டர்ல தூரம் வரும். படகுல இருக்கற ஏரியலுக்கும் அதே மாதிரி போட்டு, ரெண்டையும் கூட்டணும். கடல் ஓசை ஒரு சமுதாய வானொலி, அதாவது ஊர் மக்களுக்காக நடத்தற சின்ன ஸ்டேஷன். நம்ம நாட்டுல அந்த மாதிரி வானொலிக்கு இருக்கற பொதுவான உச்சவரம்பு 30 மீட்டர் கோபுரம், 50 வாட் ஒலிபரப்பி. 30க்கு வர்க்கமூலம் அஞ்சரை. பெருக்கினா 22 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. படகுல தண்ணி மட்டத்துலேருந்து 2 மீட்டர் உயரத்துல செட்டை வச்சிருந்தா அதுக்கு ஒரு 6 கிலோமீட்டர். ஆக மொத்தம் 28. கடல் மைல்ல சொன்னா 15.

இது காகிதத்துல வர்ற எல்லை. 50 வாட்டுங்கறது ரொம்பச் சின்ன சக்தி. கையில பிடிக்கிற செட்டுல இதுல பாதி கிடைச்சாலே நல்ல வரவுன்னு நான் சொல்லுவேன். நிலத்துல கட்டடம், மரம், மேடு எல்லாம் குறுக்க நிக்கும். கடல்ல குறுக்க எதுவும் கிடையாது. அதனால நிலத்துல 10 கிலோமீட்டர்ல இழுத்துக்கிட்டு நிக்கிற ஸ்டேஷன், தண்ணி மேல இன்னும் கொஞ்சம் தாராளமாப் போகும்.

உயரம் எவ்வளவு முக்கியம்னு பாக்கணும்னா கோடை பண்பலையை நினைச்சுப் பாருங்க. கொடைக்கானல் மலை 2000 மீட்டருக்கு மேல. அங்கேருந்து வர்ற எஃப்.எம். தெக்கத்தி மாவட்டங்கள் எத்தனையோல கேக்குது. பாம்பன்ல மலை கிடையாது. இருக்கற கோபுரத்தை வச்சுத்தான் பிழைக்கணும்.

சரி, போன் சிக்னல் நின்ன இடத்துல எஃப்.எம். எப்படிக் கேக்குதுன்னு தங்கச்சிக்கு ஒரு சந்தேகம் இருக்கு. போன் பேசணும்னா உங்க போன் கோபுரத்தைக் கேக்கணும், கோபுரமும் உங்க போனைக் கேக்கணும். அந்தச் சின்ன போன்லேருந்து போற சக்தி ஒரு வாட்டுல ஒரு சின்னப் பங்குதான். அதுவுமில்லாம போன் கோபுரத்துல ஏரியலைப் பக்கத்து வீடுகளைப் பாத்துக் கொஞ்சம் கீழ சாய்ச்சு வச்சிருப்பாங்க, கடலுக்குன்னு யாரும் வைக்கிறதில்லை. வானொலியில உங்க செட்டு எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். கேட்டாப் போதும். ஆயிரம் படகு சேர்ந்து கேட்டாலும் நெரிசல் கிடையாது. கஜா புயல் 2018 நவம்பர்ல வேதாரண்யம் பக்கம் அடிச்சப்ப என்ன ஆச்சுன்னு நாகப்பட்டினத்துக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? கரண்ட் கம்பமெல்லாம் சாய்ஞ்சு கிடந்துச்சு, போன் வேலை செய்யல. அந்த நேரத்துல பேட்டரி போட்ட ஒரு டிரான்சிஸ்டர் இருக்கே, அதோட அருமை அன்னைக்குத்தான் தெரியும்.

இந்த இடத்துல மீடியம் வேவைப் பத்திச் சொல்லாம என்னால தாண்ட முடியாது. வழக்கமாப் பாக்கறவங்களுக்குத் தெரியும், எனக்கு அது மேல தனி ஆசை. ராத்திரி வானத்துல பட்டுத் திரும்பி வர்றதைப் போன தடவை சொன்னேன். பகல்ல நடக்கறது வேற. பகல்ல மீடியம் வேவ் தரையை ஒட்டி வளைஞ்சு போகும். காஞ்ச நிலத்து மேல போனா சக்தி சீக்கிரம் உறிஞ்சப்பட்டுடும். உப்புத் தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும். அதனால கடல் மேல அலை அவ்வளவா நட்டப்படாம ரொம்ப தூரம் போகும். தூத்துக்குடி வானொலிக்கு 1053 கிலோஹெர்ட்ஸ்ல 200 கிலோவாட் ஒலிபரப்பி அமைச்சாங்க. இலங்கை வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சு. அங்கேருந்து இலங்கை வானொலி இந்தக் கரைக்கு வந்ததும் இதே கடலோட தயவுதான். நம்ம கரையோர ஊர்கள்ல ஒரு தலைமுறையே அதைக் கேட்டு வளர்ந்துச்சு.

கீழக்கரை பக்கம் ஒரு பெரியவர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். தொழிலை விட்டுட்டு வீட்டோட இருக்கார். டிரான்சிஸ்டரை பிளாஸ்டிக் பையில சுத்தி, ரப்பர் போட்டு, படகுல கொண்டு போவாராம். பாட்டுக்கும் சேதிக்கும் மட்டும்னு நான் நினைச்சேன். அவர் சொன்னார்: "மூட்டம் போட்டுடுச்சுன்னா கரை எந்தப் பக்கம்னு தெரியாது தம்பி. தூத்துக்குடியை வச்சுக்கிட்டு செட்டை மெதுவா சுத்துவேன். ஒரு இடத்துல சத்தம் அமுங்கும். அந்தக் கோட்டுலதான் தூத்துக்குடி." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஏன்னா அது நூத்துக்கு நூறு சரியான இயற்பியல். டிரான்சிஸ்டருக்குள்ள மீடியம் வேவுக்குன்னு ஒரு கருப்புக் கம்பி இருக்கும், ஃபெரைட் கம்பி. அதோட முனை ஸ்டேஷனைப் பாத்து நின்னா சத்தம் ரொம்பக் குறையும். அந்தக் கோட்டுல ஸ்டேஷன் முன்னாடியும் இருக்கலாம், பின்னாடியும் இருக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேட்டேன். "காத்து எங்கேருந்து வருது, அலை எந்தப் பக்கம் மடங்குது, அது கூடத் தெரியாமலா கடலுக்கு வந்தேன்"னு கேட்டார். ஜி.பி.எஸ். வர்றதுக்கு முன்னாடி ஒரு சாதாரண ரேடியோவைத் திசைகாட்டியா வச்சுத் தொழில் பண்ணியிருக்கார் மனுஷன்.

இப்ப நாட்டுல பல இடங்கள்ல மீடியம் வேவ் ஒலிபரப்பிகளை ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டு வர்றாங்க. எஃப்.எம்.தான் தெளிவா இருக்கு, செலவு குறைவுன்னு காரணம் சொல்றாங்க. நகரத்துக்கு அது சரி. கடலோரத்துல மட்டும் அந்த முடிவை எடுக்கறதுக்கு முன்னாடி கடலுக்குப் போறவங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கணும்னு நான் அழுத்திச் சொல்றேன். சின்ன எஃப்.எம். 28 கிலோமீட்டர்ல நிக்கும். மீடியம் வேவ் நூறையும் தாண்டிப் போகும். ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு ஈடு ஆகாது.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். என்ன பிரயோசனம்?

தங்கச்சி, உங்க அண்ணன் கடலுக்குப் போறதா வேண்டாமான்னு எங்கே முடிவெடுக்கறார்? கரையில. படகுல டீசல் ஏத்தி, ஐஸ் ஏத்தி, மீன்துறையில டோக்கன் வாங்கி, கயித்தை அவுத்து விடற வரைக்கும் எல்லாம் கரை. அதுக்கு முன்னாடி ராத்திரியில வீட்டுல உக்காந்து, நாளைக்குக் காத்து எப்படின்னு யோசிக்கிறதும் கரை. இதை நான் முன்னாடியும் சொல்லியிருக்கேன், துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தறதைப் பத்திப் பேசினப்ப. உயிரைக் காப்பாத்தற எச்சரிக்கை படகு கிளம்பறதுக்கு முன்னாடி காதுல விழுந்த எச்சரிக்கை. நடுக்கடல்ல போய்ச் சேர்ந்தா நல்லதுதான். ஆனா அங்கே சேரும்போது ஓடி வர்றதைத் தவிர வேற வழி இருக்காது. ஓடி வர நேரம் இருக்குமான்னும் சொல்ல முடியாது. முடிவு எடுக்கற இடம் கரை.

இன்னொண்ணு. தமிழ்நாட்டுல விசைப்படகு கரையிலேருந்து 5 கடல் மைலுக்கு அப்பால போய்த்தான் மீன் பிடிக்கணும். உள்ள இருக்கற 5 மைல் நாட்டுப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும். 5 கடல் மைல்னா 9 கிலோமீட்டர் சொச்சம். நாம போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க. அந்தச் சின்ன எஃப்.எம். கேக்கற வட்டத்துக்குள்ள முழு நாட்டுப்படகுத் தொழிலும் அடங்கிடுது! வயர்லெஸ் வாங்க வசதியில்லாதவங்க அவங்கதான். ராமேஸ்வரம் தீவுல கடல்பாசி எடுக்கற பொம்பளைங்க இருக்காங்க. அவங்க மன்னார் வளைகுடாத் தீவுகள் ஓரம் போய் மூழ்கி எடுத்துட்டு வர்றவங்க. அவங்களுக்கும் இந்த வட்டம் போதும்.

கடல் ஓசை 2016 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்குச்சு. 90.4 மெகாஹெர்ட்ஸ். நம்ம நாட்டுல முதல் சமுதாய வானொலி 2004ல சென்னையில அண்ணா பல்கலைக்கழகத்துல வந்துச்சு. அப்ப கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் அனுமதி. 2006ல தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம்னு விதியை மாத்தினாங்க. அந்தக் கதவு திறந்ததாலதான் மீனவ ஊர்க்காரங்களே ஒரு வானொலி வைக்க முடிஞ்சுது. காத்து, அலை உயரம் சொல்லுவாங்க, பாட்டு போடுவாங்க, சமுத்திரம் பழகுன்னு கடலைப் பத்தியே ஒரு நிகழ்ச்சி, கடல் மாறிக்கிட்டு வர்றதைப் பத்தி வயசானவங்களைப் பேச வைப்பாங்க. உங்க பக்கமும் ஒண்ணு இருக்கு தங்கச்சி, விழுந்தமாவடியில களஞ்சியம் சமுதாய வானொலி. சுனாமிக்குப் பின்னாடி அந்தக் கரை மக்களை மனசுல வச்சு ஆரம்பிச்சது.

சுனாமின்னு சொன்னதும் நல்லவாடு ஞாபகம் வருது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. புதுச்சேரியில நல்லவாடுன்னு ஒரு மீனவ ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998லேருந்து புதுச்சேரி கிராமங்கள்ல தகவல் மையம் வச்சிருந்தாங்க. பக்கத்துல வீராம்பட்டினத்துல, அலை உயரம் எவ்வளவு இருக்கும்னு அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துலேருந்து எடுத்து, ஒலிபெருக்கியில தினம் தமிழ்ல சொல்லுவாங்க. மீனவங்க அதைக் கேட்டுட்டுத்தான் படகைத் தள்ளுவாங்க. 2004 டிசம்பர் 26 காலையில, சிங்கப்பூர்ல வேலை செஞ்ச நல்லவாட்டுப் பையன் ஒருத்தர் டி.வி.யில சேதி பாத்துட்டு வீட்டுக்குப் போன் பண்ணினார். வீட்டுல இருந்தவங்க தகவல் மையத்துக்கு ஓடி ஒலிபெருக்கியில அறிவிச்சாங்க. ஊரே கிளம்பி ஓடிச்சு. வீடு போச்சு, படகு போச்சு, சனம் பிழைச்சுது.

அங்கே கோபுரம் கிடையாது, அலைவரிசை கிடையாது. ஒரு கம்பத்துல கட்டின குழாய் ஒலிபெருக்கி. ஆனா அந்த ஒலிபெருக்கியில தினமும் நம்ம ஆள் பேசுவாங்க, சொன்னது சரியா இருக்கும்னு ஊர் பழகியிருந்துச்சு. அந்தப் பழக்கம்தான் அன்னைக்கு ஓட வச்சுது. முன்பின் கேக்காத ஒரு குரல் திடீர்னு "ஓடுங்க"ன்னு சொல்லியிருந்தா, ஆளுக்கு ஆள் கரைக்கு வேடிக்கை பாக்கப் போயிருப்பாங்க. அன்னைக்கு எத்தனை ஊர்ல அப்படிப் போனாங்க!

இதுக்கு மறுபக்கம் ஒக்கி. அதையும் மறைக்காமப் பேசணும். 2017 நவம்பர் 30ஆம் தேதி காலையிலதான் அதைப் புயல்னு அறிவிச்சாங்க. குமரி மாவட்டத்துல தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரங்க ஆழ்கடல் மீன்பிடிப்புல பேர் எடுத்தவங்க. வாரக்கணக்குல தங்கித் தொழில் பண்றவங்க. புயல்னு சொன்னப்ப அவங்க கரையிலேருந்து எத்தனையோ நூறு கிலோமீட்டர் தள்ளி அரபிக்கடல்ல இருந்தாங்க. வயர்லெஸ்ஸுல படகுக்குப் படகு பேசலாம், அதுவும் எஃப்.எம். மாதிரியே நேர்கோட்டுல போற அலை. கரைக்கு எட்டாது. பாம்பன் எஃப்.எம். மாதிரி நூறு இருந்தாலும் அவங்களுக்குக் கேட்டிருக்காது. நூத்துக்கணக்கான பேரைக் கடல் கொண்டு போச்சு. அந்த ஊர்கள்ல இன்னும் ஆறாத துக்கம் அது.

ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள்தான். ஒக்கிக்குப் பின்னாடி 2019 அக்டோபர்ல ஜெமினின்னு ஒரு கருவியை ஹைதராபாத்துல இருக்கற கடல்சார் தகவல் சேவை மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கொண்டு வந்தாங்க. செயற்கைக்கோள்லேருந்து சேதியை வாங்கி, புளூடூத் வழியா போனுக்கு அனுப்பும். வாங்க மட்டும்தான் முடியும், படகுலேருந்து திருப்பிப் பேச முடியாது. அப்புறம் இஸ்ரோ செஞ்ச டிரான்ஸ்பாண்டர் வந்துச்சு. அதுல படகுலேருந்து ஆபத்துன்னு பட்டனை அழுத்தினா கரைக்குச் சேதி போகும். ஒரு லட்சம் படகுல பொருத்தற திட்டத்தை 2024ல தொடங்கினாங்க. உங்க அண்ணன் தங்கல், அதாவது பல நாள் கடல்லயே தங்கிப் பிடிக்கிற தொழிலுக்குப் போறவரா இருந்தா, படகு ஓனர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது டிரான்ஸ்பாண்டர் பொருத்தியாச்சா, வேலை செய்யுதான்னுதான்.

அப்ப இவ்வளவு இருக்கும்போது சின்ன எஃப்.எம். எதுக்குன்னு மறுபடி கேப்பீங்க. அதுக்குத்தான், தங்கச்சி, நீங்க இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கலாமேன்னு எனக்குத் தோணுது. கேக்குதா கேக்கலையான்னு கேட்டீங்க. கேட்டா என்ன சொல்றாங்க, யார் சொல்றாங்கன்னு நீங்க கேக்கல. எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி அதுதான், நானே எடுத்துக்கறேன்.

சென்னையிலேருந்து வர்ற எச்சரிக்கையை நாம எல்லாரும் கேட்டிருக்கோம். "மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்." சரியான தகவல், ஒழுங்கா வேலை செஞ்சு கொடுக்கற தகவல். அதுல எனக்குக் குறையே இல்லை. ஆனா பாம்பன்ல நிக்கிற ஆளுக்கு ரெண்டு கடல் இருக்கு. பாலத்துக்கு இந்தப் பக்கம் வடகடல், பாக் விரிகுடா. அந்தப் பக்கம் தென்கடல், மன்னார் வளைகுடா. வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து, அடிக்கிற காலத்துல தென்கடல் துள்ளும், வடகடல்ல வலை போடலாம். ஒரே தீவு, ஒரே நாள், நடுவுல ஒரு பாலம். அவனுக்கு வேண்டிய பதில், "இன்னைக்கு வடகடலா, தென்கடலா? மத்தியானத்துக்கு மேல காத்து மாறுமா?"

இதைச் சென்னையிலேருந்து ஒருத்தர் சொல்ல முடியாது. அந்தத் தகவலைக் கையில வாங்கி, கரையில நிக்கிற நாலு பெரியவங்களைக் கேட்டு, நேத்துப் போயிட்டு வந்தவன் என்ன பாத்தான்னு விசாரிச்சு, அந்த ஊர்ப் பேச்சுல சொல்ற ஒரு ஆள் வேணும். அவருக்கு வடகடல்ல சொந்தக்காரன் படகு இருக்கணும். தப்பாச் சொன்னா நாளைக்குத் தெருவுல முகத்தைப் பாக்கணும். செயற்கைக்கோள் எவ்வளவு துல்லியமாச் சொன்னாலும் இந்தப் பொறுப்பை அது ஏத்துக்க முடியாது. வானொலி வைக்கணும், அதை அந்த ஊர்க்காரங்களே நடத்தணும்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்காகத்தான்.

விதியைப் பத்தி ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். சமுதாய வானொலி சொந்தமா செய்தி வாசிக்க முடியாதே, அப்ப வானிலை சொல்லலாமான்னு. சொல்லலாம். வானிலை, போக்குவரத்து, திருவிழா, இதெல்லாம் செய்தியில சேராதுன்னு விதியிலேயே இருக்கு. காசுதான் கஷ்டம். ஒரு மணி நேரத்துல 12 நிமிஷம் விளம்பரம் போடலாம்னு 2024ல ஏத்திக் கொடுத்திருக்காங்க. பாம்பன்லயும் விழுந்தமாவடியிலயும் அந்த 12 நிமிஷத்தை நிரப்ப எத்தனை கடை இருக்கு? ஐஸ் கம்பெனி, வலைக்கடை, மளிகைக்கடை. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல அவங்களுக்கே வியாபாரம் இருக்காது. கடலோர வானொலிக்கு அரசாங்கம் தனியா ஒரு தொகை ஒதுக்கணும். துறைமுகத்துல கூண்டு ஏத்தறதை யாரும் விளம்பர வருமானத்துல நடத்தச் சொல்றதில்லை. அதுவும் இதுவும் ஒரே வேலை.

கூண்டுன்னதும், முன்னாடி பேசினதுல ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு, இங்கே சேத்துடறேன். பாம்பன்ல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்தினாங்க, மூணாம் நம்பர் ஏத்தினாங்கன்னு பேப்பர்ல படிக்கிறோம். மொத்தம் 11 இருக்கு. பத்து வரைக்கும் நம்பர் ஏற ஏறப் பொதுவா ஆபத்து கூடும். பதினொண்ணு எதுக்குத் தெரியுமா? வானிலை எச்சரிக்கை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சு, வானிலை மோசமாகும்னு இங்கே இருக்கற அதிகாரி நினைக்கிறார்னு அர்த்தம். தகவல் வராம நின்னுபோறதையே ஒரு ஆபத்தா எண்ணி, அதுக்குத் தனியா நம்பர் போட்டு வச்சிருக்காங்க பழைய ஆளுங்க. எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை.

இப்ப தங்கச்சியோட அண்ணனுக்கு. போன்ல எஃப்.எம். இருக்கான்னு பாருங்க. பல போன்ல இப்ப அதை எடுத்துட்டாங்க, இல்லைன்னா உள்ள சில்லு இருந்தும் பூட்டி வச்சிருக்காங்க. பூட்ட வேண்டாம்னு 2023ல மத்திய அரசு கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பிச்சு. வாங்கும்போதே கேட்டு வாங்குங்க. போன்ல இயர்போன் ஒயர்தான் ஏரியல், அதைச் சுருட்டாம நீட்டி விடணும். அதைவிட நல்லது, மீடியம் வேவும் எஃப்.எம்.மும் ரெண்டும் எடுக்கற ஒரு செட்டு, அதுக்கு மாத்துப் பேட்டரி. ரெண்டையும் தண்ணி புகாத பையில போட்டு வைங்க. எஃப்.எம். இழுத்துச்சுன்னா 83 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பியைப் படகுக் கம்பத்துல உயரமாக் கட்டி, ஒயரை இறக்கி செட்டோட ஏரியல்ல மாட்டச் சொல்லுங்க. 90 மெகாஹெர்ட்ஸ் அலைநீளத்துல கால்வாசி அது. 2 மீட்டர்ல இருந்த ஏரியலை 6 மீட்டருக்கு ஏத்தினா கணக்குப்படி 4 கிலோமீட்டர் கூடுது. கடலோரக் காவல்படை நம்பர் 1554. வயர்லெஸ் இருந்தா ஆபத்துக்குக் கூப்பிட சேனல் 16.

கிளம்பற அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி, வீட்டுல யாராவது ஒருத்தர் காரைக்கால் பண்பலையையோ விழுந்தமாவடியையோ போட்டுக் கேட்டுட்டு, அவர்கிட்ட வாயால சொல்லணும். அது நீங்களாவே இருக்கலாம் தங்கச்சி. மறுபடியும் சொல்றேன், முடிவு எடுக்கற இடம் கரை.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். பாம்பன், விழுந்தமாவடி, காரைக்கால், தூத்துக்குடி, இந்த நாலுல எது உங்க படகுல எத்தனை கடல் மைல் வரைக்கும் கேட்டுச்சு, என்ன செட்டு, ஏரியல் எவ்வளவு உயரத்துல இருந்துச்சு, பகலா ராத்திரியான்னு குறிச்சு அனுப்புங்க. காகிதக் கணக்கோட ஒப்பிட்டு ஒரு படமே போட்டுக் காட்டறேன்.